கால்பந்து அரங்கைப் புதுப்பிக்கும்போது ரசிகர்கள் கேட்பவை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒரு கிளப் தன் அரங்கைப் புதுப்பிக்கப் போவதாகவோ புதிய அரங்குக்கு மாறப் போவதாகவோ அறிவித்ததும் ரசிகர்களிடையே எழும் கேள்விகள் ஊருக்கு ஊர் பெரிதாக மாறுவதில்லை. அவற்றுள் அடிக்கடி எழுபவற்றுக்கு இங்கே விடை தரப்பட்டுள்ளது.

புதிய அரங்கின் படம் வெளியான அன்றே ரசிகர்கள் இவ்வளவு கடுமையாகப் பேசுவது ஏன்?

அவர்கள் தேடுவது அந்தப் படத்தில் இல்லை என்பதால்தான். முதலில் வெளியாகும் கணினிப் படங்கள் பெரும்பாலும் அரங்கை வெளியிலிருந்து, பறவை பார்க்கும் உயரத்திலிருந்து, அந்தி வெளிச்சத்தில் காட்டுபவை. ரசிகரோ, தாம் இத்தனை ஆண்டுகளாக உட்கார்ந்த இடம் என்ன ஆகிறது, பக்கத்தில் இருப்பவர்கள் இனியும் பக்கத்திலேயே இருப்பார்களா, டிக்கெட் விலை எங்கே போய் நிற்கும் என்பவற்றை அறிய விரும்புகிறார். அவற்றுக்கு விடை இல்லாதபோது கண்ணில் படும் கூரையைப் பற்றித்தானே பேச முடியும்? 2025 மார்ச்சில் மான்செஸ்டர் யுனைடெட் 1 லட்சம் இருக்கைகள் கொண்ட புதிய அரங்குக்கான யோசனையை வெளியிட்டபோது, மூன்று உயர்ந்த கம்பங்களில் தாங்கி நிற்கும் குடை போன்ற அமைப்பைக் கண்ட பலர் அதைச் சர்க்கஸ் கூடாரம் என்று கேலி செய்தார்கள். அந்தக் கிளப்பின் பழைய அரங்கான ஓல்ட் டிராஃபோர்டின் கூரையிலிருந்து மழைநீர் அருவியாகக் கொட்டிய 2024 மே மாதக் காட்சியை மறக்காத வேறு சிலரோ, கூடாரமாக இருந்தாலும் ஒழுகாமல் இருந்தால் சரி என்ற மனநிலையில் இருந்தார்கள்.

வெளித்தோற்றம் பொருட்டே இல்லை என்று சொல்ல வரவில்லை. 1923-இல் திறக்கப்பட்ட லண்டனின் வெம்பிளி அரங்கின் இரட்டைக் கோபுரங்கள் இடிக்கப்பட்டபோது வருந்தியவர்கள் ஏராளம். ஆனால் 2007-இல் திறக்கப்பட்ட புதிய வெம்பிளியின் 133 மீட்டர் உயர வளைவு கூரையின் எடையையும் தாங்குவதால், உள்ளே பார்வையை மறைக்கும் தூண்கள் தேவைப்படவில்லை. வெளியே தெரியும் ஒன்று உள்ளே உட்கார்ந்திருப்பவருக்கும் பயன்படும்போது, காலப்போக்கில் ரசிகர்கள் அதைத் தமதாக்கிக்கொள்கிறார்கள். அரங்கின் முகப்பை ரசிகர் பார்ப்பது நடந்து வரும் பத்து நிமிடம். இருக்கையில் கழிப்பது குறைந்தது தொண்ணூறு நிமிடம்.

"பழைய அரங்கில் இருந்த உயிர்ப்பு புதியதில் இல்லை" என்பது வெறும் பழைய நினைப்புதானா?

ஒரு பகுதி நினைப்பு என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். முதன்முதலில் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு போன இடத்தோடு எந்தக் கட்டடமும் போட்டியிட முடியாது. எஞ்சிய பகுதிக்கு அளந்து சொல்லக்கூடிய காரணங்கள் உள்ளன. முதல் வரிசைக்கும் ஆடுகளத்துக்கும் உள்ள தொலைவு, கூரை எவ்வளவு தாழ்வாக முன்னோக்கி நீண்டிருக்கிறது, மூலைகள் அடைபட்டிருக்கின்றனவா, கோல் கம்பத்துக்குப் பின்னால் உள்ள கேலரி ஒரே சரிவாக எழுகிறதா அல்லது நடுவில், அதிக விலை கொடுப்பவர்களுக்கான விருந்தினர் அறைகளின் கண்ணாடி வரிசை அதை இரண்டாக வெட்டுகிறதா என்பன அவற்றுள் முக்கியமானவை.

இன்னொரு காரணம் வரைபடத்தில் தெரியாது. பழைய கேலரியில் பாட்டைத் தொடங்குபவர்கள் ஒரே இடத்தில் கூடியிருந்திருப்பார்கள். புதிய அரங்கில் இருக்கைகள் கணினி வரிசைப்படி ஒதுக்கப்படும்போது அந்தக் கூட்டம் நான்கு திசைக்கும் சிதறிவிடும். ஆர்சனல் கிளப் 38,000 பேர் கொள்ளும் ஹைபரியிலிருந்து 60,000 பேர் கொள்ளும் எமிரேட்ஸ் அரங்குக்கு 2006-இல் மாறிய பிறகு, அங்கே அமைதி மிகுந்துவிட்டது என்ற குறை பல ஆண்டுகள் தொடர்ந்தது. இருக்கைகள் வசதியானவை, எங்கிருந்தும் ஆட்டம் தெளிவாகத் தெரியும் என்று அதே ரசிகர்களே ஒப்புக்கொள்ளவும் செய்தார்கள். இரண்டும் ஒரே சமயத்தில் உண்மையாக இருக்க முடியும்.

தடகள ஓடுபாதை உள்ள அரங்குகளை ரசிகர்கள் வெறுப்பது ஏன்? பாதையை எடுத்துவிட்டால் போதாதா?

ஓடுபாதை ஆடுகளத்தை நீள்வட்டத்தால் சூழ்கிறது. அதனால் பக்கவாட்டில் உள்ளவர்கள் சற்றுத் தள்ளியும், கோல் கம்பத்துக்குப் பின்னால் உள்ளவர்கள் மிகவும் தள்ளியும் போய்விடுகிறார்கள். அதிகமாகப் பாடுபவர்கள் இருக்கும் இடமே அதிகத் தொலைவுக்குப் போகிறது என்பதுதான் இதில் உள்ள வேதனை. 2016-இல் வெஸ்ட் ஹாம் கிளப் தன் பழைய அரங்கை விட்டு லண்டன் ஒலிம்பிக் அரங்குக்குக் குடிபெயர்ந்தபோது, பாதையின் மேல் நகர்த்தி வைக்கும் இருக்கைகள் அமைக்கப்பட்டும் இந்தக் குறை தீரவில்லை.

எடுத்துவிட்டால் போதாது என்பதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. பின்வரிசைக்காரரின் பார்வைக்கோடு முன்வரிசைக்காரரின் கண்ணுக்கு மேலே எவ்வளவு உயரத்தில் செல்கிறது என்பதை வடிவமைப்பாளர்கள் 'சி மதிப்பு' என்பார்கள். அது 90 மில்லிமீட்டர் இருந்தால் நல்ல காட்சி. 60 மில்லிமீட்டர் என்பது பொறுத்துக்கொள்ளத்தக்க அடிமட்டம். முன்வரிசைக்காரரின் கண் ஆடுகள மட்டத்திலிருந்து 6 மீட்டர் உயரத்திலும், பக்கக்கோட்டிலிருந்து 20 மீட்டர் தொலைவிலும் இருப்பதாகவும், ஒவ்வொரு வரிசையின் அகலமும் 80 செ.மீ. என்றும் கொள்வோம். பின்னால் இருப்பவருக்கு 90 மில்லிமீட்டர் கிடைக்க வேண்டுமானால் அடுத்த வரிசை ஏறக்குறைய 33 செ.மீ. உயர வேண்டும். அதே கேலரி 40 மீட்டர் தள்ளி இருந்தால் 21 செ.மீ. போதும். ஆகவே ஓடுபாதை அரங்குகளின் கேலரிகள் இயல்பாகவே தட்டையாகக் கட்டப்பட்டிருக்கும். பாதையை நீக்கி முன்னால் வரிசைகளைச் சேர்த்தால், அவ்வரிசைகளில் இருப்பவர்களுக்கு முன்னவரின் தலைதான் தெரியும். கேலரியின் சரிவையே மாற்ற வேண்டும், அல்லது ஆடுகளத்தின் மட்டத்தைத் தாழ்த்த வேண்டும். ஸ்டுட்கார்ட் அரங்கில் 2009 முதல் 2011 வரையிலும், சான் செபாஸ்டியனின் அனோயெட்டா அரங்கில் 2017 முதல் 2019 வரையிலும் பாதையை நீக்கிக் கேலரிகளை நெருக்கமாகக் கட்டியதுபோல், இது முழுமையான கட்டுமானப் பணியாகத்தான் நடந்தாக வேண்டும்.

அப்படியானால் கேலரியை எவ்வளவு செங்குத்தாக வேண்டுமானாலும் கட்டலாமா?

முடியாது. பிரிட்டனில் 34 பாகைக்கு மேல் சரிவு இருக்கக்கூடாது என்பது பொதுவான வழிகாட்டுதல். அதற்கு மேல் போனால் படி இறங்கும்போது தலைசுற்றும். தடுமாறினால் பிடிமானம் கிடைக்காது. மேலடுக்கில் இருக்கும் முதியவர்கள் இந்தக் குறையைச் சொல்லும்போது, செங்குத்தான கேலரிதான் வேண்டும் என்று கேட்கும் இளைஞர்கள் அதைக் காதில் வாங்குவதில்லை.

தூண்கள்?

பழைய கேலரிகளில் கூரையைத் தாங்க முன்பக்கம் தூண்கள் இருந்தன; அவற்றின் பின்னால் உட்காருபவருக்கு ஒரு கோல் கம்பமோ பெனால்டி பகுதியின் ஒரு மூலையோ மறைந்துவிடும். தூண்களை நீக்கியதற்காக எந்த ரசிகரும் போராடியதாகத் தெரியவில்லை. ஆனால் தூண் இல்லாத கூரைக்குப் பின்பக்கம் பெரிய இரும்புச் சட்டகம் தேவைப்படும். அதற்கு இடம் வேண்டும். அந்த இடம் பக்கத்துத் தெருவாகக்கூட இருக்கலாம்.

நின்றுகொண்டே பார்க்கும் பகுதியை ரசிகர்கள் கேட்பது பாதுகாப்பானதுதானா?

இந்தக் கேள்விக்கு வரலாற்றை விட்டுவிட்டு விடை சொல்ல முடியாது. 1971 ஜனவரி 2 அன்று கிளாஸ்கோவின் ஐப்ராக்ஸ் அரங்கில் வெளியேறும் படிக்கட்டில் ஏற்பட்ட நெரிசலில் 66 பேர் இறந்தார்கள். 1985 மே 11 அன்று பிராட்ஃபோர்டில் பழைய மரக் கேலரியின் அடியில் சேர்ந்திருந்த குப்பையில் பற்றிய தீ 56 உயிர்களைக் கொண்டுபோனது. 1989 ஏப்ரல் 15 அன்று ஷெஃபீல்டின் ஹில்ஸ்பரோ அரங்கில், முன்பக்கம் இரும்பு வேலி அடைத்த நிற்கும் பகுதியில் ஏற்பட்ட நெரிசலால் 97 பேர் இறந்தார்கள். அதை ஆராய்ந்த நீதிபதி டெய்லரின் அறிக்கை 1990-இல் வெளிவந்தது. அதன் பரிந்துரையால் இங்கிலாந்தின் மேல்நிலை அரங்குகள் 1994-க்குள் முழுவதும் இருக்கைகளுக்கு மாறின. லிவர்பூலின் புகழ்பெற்ற 'காப்' கேலரியில் ரசிகர்கள் கடைசியாக நின்று பார்த்தது 1994 ஏப்ரல் 30 அன்றுதான்.

ஹில்ஸ்பரோவில் இறந்தவர்கள்மீதே பழி போடும் முயற்சி பல ஆண்டுகள் நடந்தது. ரசிகர்களின் நடத்தை காரணமல்ல என்று 2016-இல் விசாரணை நடுவர் குழு தெளிவாக முடிவு சொன்னது. ஆகவே, நிற்பதே ஆபத்து என்ற வாதத்தை ரசிகர் குழுக்கள் ஏற்பதில்லை. கூட்டத்தை நிர்வகிக்காததும், வெளியேற வழியில்லாமல் வேலி போட்டதுமே ஆபத்து என்கிறார்கள். ஜெர்மனியின் டோர்ட்முண்ட் அரங்கில் தெற்குக் கேலரியில் மட்டும் ஏறக்குறைய 25,000 பேர் நின்று பார்க்கிறார்கள் என்பது அவர்கள் காட்டும் சான்று.

இன்றைய தீர்வு பழைய மண்மேடும் படிகளும் அல்ல. ஒவ்வொரு வரிசைக்கும் இடுப்புயரத்தில் ஓர் உறுதியான கைப்பிடிக் கம்பி, அதோடு மடக்கக்கூடிய இருக்கை என்ற அமைப்பில், பின்னால் ஒருவர் தடுமாறினாலும் அந்தத் தள்ளல் முன்வரிசைக்குப் போகாமல் கம்பியிலேயே நின்றுவிடும். இங்கிலாந்தில் 2022 ஜனவரியில் சோதனையாகத் தொடங்கி, அதே ஆண்டில் இது முறைப்படி அனுமதிக்கப்பட்டது. ஓர் இருக்கைக்கு ஒருவர் என்ற கணக்கு மாறாததால் கொள்ளளவு கூடுவதில்லை. ஹில்ஸ்பரோவில் உறவினரை இழந்த குடும்பங்களிடையே இது குறித்து ஒரே கருத்து இருந்ததில்லை என்பதையும், தயக்கம் காட்டுபவர்களை அவசரப்படுத்துவது முறையல்ல என்பதையும் இந்த விவாதத்தில் இறங்கும் எவரும் நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

கொள்ளளவை முடிந்தவரை கூட்டுவதுதானே நல்லது?

டிக்கெட் கிடைக்காமல் ஆண்டுக்கணக்கில் காத்திருப்பவர் ஆம் என்பார். ஆனால் யுவெண்டஸ் கிளப் எதிர்த்திசையில் போனது. 1990 உலகக் கோப்பைக்காக டூரினில் கட்டப்பட்ட டெல்லே ஆல்பி அரங்கில் ஏறக்குறைய 69,000 பேர் உட்காரலாம், சுற்றிலும் ஓடுபாதை, பெரும்பாலான நாள்களில் காலி இருக்கைகள். அதை இடித்துவிட்டு அதே இடத்தில் 2011 செப்டம்பரில் 41,000 பேருக்கான அரங்கைத் திறந்தார்கள். முதல் வரிசை ஆடுகளத்திலிருந்து 7.5 மீட்டர் தொலைவில்தான் இருக்கிறது. நிறைந்த சிறிய அரங்கு, பாதி காலியான பெரிய அரங்கைவிட இரைச்சல் மிக்கது.

கொள்ளளவை நிலத்தின் பரப்பு மட்டும் முடிவு செய்வதில்லை. பிரிட்டனின் மைதானப் பாதுகாப்பு வழிகாட்டியின்படி படிக்கட்டில் ஒரு மீட்டர் அகலத்துக்கு நிமிடத்துக்கு 66 பேர் வெளியேறலாம். ஆபத்தின்போது அதிகபட்சம் 8 நிமிடத்தில் அனைவரும் பாதுகாப்பான இடத்தை அடைய வேண்டும். 1.2 மீட்டர் அகலப் படிக்கட்டு ஒன்றினால் அந்த நேரத்தில் சுமார் 630 பேரைத்தான் வெளியே அனுப்ப முடியும். மேலும் 5,000 இருக்கைகள் வேண்டும் என்று கேட்கும் ரசிகர், அதோடு எட்டுப் படிக்கட்டுகளையும் கேட்கிறார்.

கூரையை முழுவதும் மூடினால் என்ன?

மழை நனைக்காது, சத்தம் உள்ளேயே தங்கும்; புல் மட்டும் சாகும். மிலான் நகரின் சான் சீரோ அரங்குக்கு 1990 உலகக் கோப்பைக்காக மூன்றாவது அடுக்கும் கூரையும் சேர்த்தபோது வெயிலும் காற்றோட்டமும் குறைந்து, புல்தரை பல ஆண்டுகள் தொல்லை கொடுத்தது. செயற்கை இழைகளைப் புல்லோடு பின்னும் கலப்புத் தரை வந்த பிறகே நிலைமை சீரானது. மாட்ரிட்டின் பெர்னபேயு அரங்கில் இதற்கு மிகவும் துணிச்சலான தீர்வு கண்டார்கள். திறந்து மூடும் கூரையோடு, புல்தரையையே நீளத் தட்டுகளாகப் பிரித்து நிலத்தடியில் இறக்கி, விளக்கும் நீரும் கொடுத்துப் பராமரிக்கிறார்கள். புல் கீழே இருக்கும் நாள்களில் மேலே இசை நிகழ்ச்சிகள் நடத்தினார்கள். அக்கம்பக்கத்தில் வசிப்பவர்கள் இரைச்சலை எதிர்த்ததால் 2024-இல் அந்த நிகழ்ச்சிகள் நிறுத்தப்பட்டன. அரங்கு கால்பந்துக்கா, ஆண்டு முழுதும் வாடகைக்கு விடவா என்ற ரசிகர்களின் சந்தேகத்துக்கு இது நல்ல தீனி.

புதுப்பித்த பிறகு டிக்கெட் விலை ஏறுவதைத் தடுக்க முடியுமா?

என் கணிப்பில், ரசிகர்களின் கருத்துகளுள் மிகக் கூர்மையானவை இந்த ஒன்றைப் பற்றியவை. வடிவமைப்பு பற்றிய பாதிப் புகார்கள் உண்மையில் விலை பற்றியவையே. கட்டுமானக் கடனைத் திருப்ப வேண்டியிருப்பதால், நடுவரிசைகள் விருந்தினர் இருக்கைகளாகவும் கண்ணாடி அறைகளாகவும் மாறுகின்றன. அங்கே இருபது ஆண்டு உட்கார்ந்தவர் மூலைக்கு நகர்த்தப்படுகிறார். இடைவேளை முடிந்து ஆட்டம் தொடங்கிய பிறகும் நடுப்பகுதி இருக்கைகள் காலியாகத் தெரிவதற்குக் காரணம், அங்கே உட்கார வேண்டியவர்கள் உள்ளே இன்னும் சாப்பிட்டுக்கொண்டிருப்பதுதான்.

ஆனால் தடுக்கவே முடியாது என்பதும் சரியன்று. லிவர்பூல் கிளப் தன் அரங்கான ஆன்ஃபீல்டில் புதிய பிரதான கேலரியைக் கட்டிக்கொண்டிருந்தபோது, அதில் ஒரு டிக்கெட்டின் விலை 77 பவுண்டு வரை போகும் என்று அறிவித்தது. 2016 பிப்ரவரி 6 அன்று சண்டர்லாந்துக்கு எதிரான ஆட்டத்தின் 77-ஆவது நிமிடத்தில் ஆயிரக்கணக்கான ரசிகர்கள் எழுந்து வெளியேறினார்கள். அப்போது 2-0 என்று முன்னிலையில் இருந்த அணி, ஆட்டத்தை 2-2 என்று முடித்தது. சில நாள்களில் கிளப் மன்னிப்புக் கேட்டு அந்த விலையைக் கைவிட்டது.

ரியோவின் மரக்கானா அரங்கு இதன் மறுபக்கம். 1950 உலகக் கோப்பையின் கடைசி ஆட்டத்துக்கு அங்கே டிக்கெட் வாங்கி வந்தவர்கள் மட்டும் 1,73,850 பேர். ஆடுகள மட்டத்தில் நின்று பார்க்கும் 'ஜெரால்' என்ற பகுதியில் டிக்கெட் மிக மலிவு. காட்சியோ மிக மோசம், பந்தைவிட ஆட்டக்காரர்களின் கால்கள்தான் தெரியும். 2005-இல் அது மூடப்பட்டது. 2014 உலகக் கோப்பைக்காகப் புதுப்பித்த பிறகு கொள்ளளவு 78,000 அளவுக்கு வந்தது. இன்று எல்லா இருக்கையிலிருந்தும் ஆட்டம் நன்றாகத் தெரிகிறது. ஜெராலில் நின்றவர்களுக்கு உள்ளே வரத்தான் வழியில்லை.

பழையதைப் புதுப்பிப்பதா, வேறு இடத்துக்கு மாறுவதா?

பொது விதி கிடையாது. ரொட்டர்டாமில் ஃபெயெனூர்ட் கிளப்பின் ரசிகர்களில் ஒரு பகுதியினர் 1937-இல் திறக்கப்பட்ட 'டெ கய்ப்' அரங்கைவிட்டு வெளியேறுவதைக் கடுமையாக எதிர்த்தார்கள். செலவும் ஏறிக்கொண்டே போனதால் புதிய அரங்குத் திட்டம் 2022-இல் கைவிடப்பட்டது. புவெனஸ் ஐரிஸின் 'லா பொம்பொனேரா' அரங்கு நிலம் போதாமையால் ஒரு பக்கம் தட்டையாகவும் மூன்று பக்கம் செங்குத்தாகவும் கட்டப்பட்டது; அந்தக் குறைதான் இன்று அதன் பெருமை.

மாறித்தான் ஆக வேண்டும் என்றால், பழையதை எப்படி விட்டுச்செல்கிறார்கள் என்பதை ரசிகர்கள் கூர்ந்து பார்க்கிறார்கள். பில்பாவோவின் அத்லெடிக் கிளப் பழைய சான் மமேஸ் அரங்கின் இரும்பு வளைவை அழிக்காமல் தன் பயிற்சி மையத்தில் நிறுத்தியது. எவர்ட்டன் 1892 முதல் ஆடிய குடிசன் பார்க்கை 2025-இல் விட்டுப்போனபோது, அதை இடிப்பதற்குப் பதிலாகத் தன் பெண்கள் அணிக்கு அளித்தது. ஆர்ச்சிபால்ட் லீச் வடிவமைத்த குறுக்குச் சட்ட மாடங்கள் அதனால் தப்பின.

வேலை நடக்கும் காலத்தில் அணி எங்கே ஆடும்?

மூன்று வழிகள் உண்டு. முதலாவது, ஒவ்வொரு பக்கமாகக் கட்டுவது: ஆன்ஃபீல்ட் இப்படித்தான் வளர்ந்தது, 2023-இல் ஒப்பந்த நிறுவனம் நொடித்துப்போய் ஒரு கேலரி தாமதமானாலும் அணி சொந்த மண்ணிலேயே ஆடியது. இரண்டாவது, பழையதன் பக்கத்திலேயே புதியதை எழுப்புவது: புதிய சான் மமேஸ் 2013-இல் மூன்று பக்கங்களோடு திறக்கப்பட்டு, பழைய அரங்கு இருந்த இடத்தில் நான்காவது பக்கம் அடுத்த ஆண்டில் முடிந்தது. மூன்றாவது, முழுதாக வெளியேறுவது: பார்சிலோனா 2023-இல் தன் அரங்கான காம்ப் நோவை விட்டு, ஓடுபாதை உள்ள மொன்ஜுயிக் ஒலிம்பிக் அரங்குக்குப் போனது, 2024 இறுதியில் திரும்புவதாகச் சொல்லி, மேலடுக்கு முடியாத நிலையிலேயே 2025 நவம்பரில்தான் திரும்பியது. கிளப் சொல்லும் தேதியோடு ஓர் ஆண்டைக் கூட்டிக்கொள்வது ரசிகருக்கு நல்லது.

கழிப்பறை, நடைபாதை போன்றவற்றைப் பற்றி யார் கவலைப்படுகிறார்கள்?

எல்லோரும். இடைவேளை 15 நிமிடம். ஒரு கேலரி முழுவதும் அந்தப் பதினைந்து நிமிடத்திலேயே எழுகிறது. பழைய அரங்குகளில் பெண்களுக்கான கழிப்பறைகள் பெயரளவில் மட்டுமே இருந்தன. புதுப்பித்த அரங்கில் எதை விரும்புகிறீர்கள் என்று கேட்டால், கூரையின் வளைவைவிட அகலமான நடைபாதையைப் பாராட்டுபவர்களே மிகுதி.

சக்கர நாற்காலியில் வருபவர்களின் கருத்து எங்கே இடம்பெறுகிறது?

பெரும்பாலும் கடைசியில், அது முதலில் வர வேண்டும். ஒதுக்கிய இடத்துக்கு முன்னால் இருப்பவர்கள் கோல் விழும் நேரத்தில் எழுந்து நின்றால் சக்கர நாற்காலியில் இருப்பவருக்கு எதுவுமே தெரியாது. எனவே அந்த மேடை, முன்வரிசையில் நிற்பவரின் தலைக்கு மேல் பார்வை போகும்படி உயர்த்திக் கட்டப்பட வேண்டும். அதைக் கட்டி முடித்த பிறகு சேர்ப்பது மிகவும் கடினம். நண்பர்களோடு சேர்ந்து உட்கார முடியுமா, எதிரணி ரசிகர் பகுதியிலும் அத்தகைய இடம் உண்டா என்பனவும் வரைபட நிலையிலேயே கேட்கப்பட வேண்டியவை.

அரங்கின் பெயரை விற்பது?

புதிய அரங்குக்கு விளம்பரதாரர் பெயரை ரசிகர்கள் முணுமுணுப்போடு ஏற்கிறார்கள். பழைய பெயரை மாற்றினால் ஏற்பதில்லை. நியூகாசிலின் செயின்ட் ஜேம்ஸ் பார்க்குக்கு 2011-இல் சூட்டப்பட்ட வணிகப் பெயர் 2012-இலேயே கழற்றப்பட்டது.

ரசிகர்களின் கருத்தைக் கட்டடத்தில் கொண்டுவர முடியும் என்பதற்குச் சான்று உண்டா?

பெர்லினின் யூனியன் கிளப். 2008-இலும் 2009-இலும் தன் அரங்கைப் புதுப்பிக்கப் பணம் போதாதபோது, 2,000-க்கும் மேற்பட்ட ரசிகர்கள் கூலியின்றி ஏறக்குறைய 1,40,000 மணி நேரம் உழைத்துக் கட்டினார்கள். அங்கே இன்று 22,000 பேர் பார்க்கலாம். அவர்களுள் இருக்கையில் உட்காருபவர்கள் 4,000-க்கும் குறைவு. கட்டியவர்களே அங்கு நிற்பவர்கள் என்பதால் யாருக்கு என்ன வேண்டும் என்று கருத்துக்கணிப்பு நடத்தத் தேவைப்படவில்லை.

கிளப் கருத்துக் கேட்கும்போது எப்படி எழுதினால் பயன்படும்?

"அழகாக இல்லை" என்ற வரியை வைத்துக்கொண்டு கட்டடக்கலைஞர் எதையும் மாற்ற முடியாது. எந்தக் கேலரி, எந்த வரிசை, எந்த இருக்கை என்று குறிப்பிட்டு, அங்கிருந்து எந்தக் கார்னர் கொடி தெரியவில்லை, எந்தப் படிக்கட்டில் நெரிசல், மழை எந்த வரிசை வரை அடிக்கிறது, இறங்கி வர எத்தனை நிமிடம் ஆகிறது என்று எழுதுங்கள். யாரோடு சேர்ந்து உட்கார வேண்டும் என்பதையும் எழுதுங்கள். இருக்கை ஒதுக்கீடு தொடங்கும் முன் கிளப் அறிய வேண்டிய செய்தி அது. விலை பற்றிய கேள்வியைத் தனித் தாளில், அந்தந்தப் பகுதியின் பெயரோடு, எழுத்தில் விடை வேண்டும் என்று கேளுங்கள். கட்டுமானம் தொடங்கிய பிறகு கேட்டால், இருக்கைகளின் நிறத்தை மட்டும் தேர்ந்தெடுக்கச் சொல்வார்கள்.